ரத்தினபாயின் வெள்ளைக் கோட்டும் அப்பாதுரையின் நெல்லும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பெண் மொட்டைமாடியில் நின்று வெள்ளைக் கோட்டை உதறுகிறாள், உதறினால் நோய் பறக்கிறது என்று தொண்ணூற்று நான்காம் வருஷத் தை மாதம் ஒரு வதந்தி கிளம்பியது. பெருங்களத்தூர் வந்து சேர்வதற்குள் அதில் மூன்று நாய்கள் செத்திருந்தன. என் காதுக்கு எட்டியபோது சித்திரை. போய் விசாரித்தேன். செத்த நாய்கள் மூன்றும் என்னைத் தெருமுனை வரை துரத்தின.

எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் அப்போதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். "அவ கோட்டு காயப்போட்ட மறுநாளே எங்க பையன் கழுத்துல படர்தாமரை வந்துடுத்து சார்!" என்றார் இடுக்கு வழியாக. பையன் ஒரே பனியனை வாரக்கணக்கில் போடுகிறான் என்பது அவருடைய அடுத்த புகார்.

ஆனால் கோட்டு நிஜம். அதை உதறிய ரத்தினபாய் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூட உதவியாளர். ரயில்வே கலாசித் தொழிலாளியின் மகள், தாவரவியல் படித்தவர். நெல் நாற்றுகள் மீது குலைநோய்ப் பூஞ்சையை வேண்டுமென்றே தெளித்து, எந்த விதை தாங்குகிறது என்று பார்ப்பது வேலை. கேஸ் அடுப்பை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிற சுபாவம். அவரிடம் போய்ப் பூஞ்சையை ஒப்படைத்திருந்தார்கள்.

வேலையில் போடும் அந்தக் கோட்டை ஆய்வுக்கூடத்திலேயே கொதிக்கவைத்துத் துவைப்பது வழக்கம். தை மாதம் அங்கே தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. வீட்டுக்கு எடுத்து வந்தார். வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் அலசி மாடியில் உலர்த்தினார். வீட்டுக்குப் பின்பக்கம், மனை போடக் கல் நட்ட நிலங்களுக்கு நடுவே, அப்பாதுரை மட்டும் விற்காமல் வைத்திருந்த கொஞ்சம் வயல். அவர் வீட்டுக்கு வருஷச் சோறு அதுதான்.

சில நாள் கழித்துக் காலையில் அப்பாதுரை ஓர் இலையோடு வாசலில் நின்றார்.

"இன்னாம்மா இது? ஊசியால குத்துன மாரி பொட்டு பொட்டா கீது. உன் கோட்டு வேலையா?"

ரத்தினபாய் இலையை வாங்கிப் பார்த்தார். இலைமேல் ஒட்டிக்கொண்ட ஒரு பூஞ்சை வித்து, லாரி டயரில் இருப்பதைப்போலப் பல மடங்கு அழுத்தம் சேர்த்துக்கொண்டு இலையைத் துளைக்கும் என்பது அவருக்குத் தெரியும். பொட்டு கண் வடிவத்தில் விரியும், நடுவில் சாம்பல் பூக்கும், கடைசியில் கதிர் பதராகும்.

மற்ற பயிருக்குப் பரவாமலிருக்க அப்பாதுரை வயலுக்குப் போய் மூலையிலிருந்து பயிரைப் பிடுங்க ஆரம்பித்தார். ரத்தினபாய் செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

"அண்ணா, பிடுங்காதீங்க! இது நோயாவும் இருக்கலாம். பயிரே தன்னைச் சுட்டுக்கிட்ட தழும்பாவும் இருக்கலாம்."

"ஏன், பயிரு பீடி பத்த வச்சுதா?"

"பூஞ்சையோட மேல்தோல் துணுக்கு பட்டாலே இலை உஷாராயிடும். புண்ணுல ஊத்தினா நுரைக்குமே பெராக்சைடு, அதை உள்ளேயே தயார் பண்ணும். பூஞ்சை நுழைஞ்ச செல் தானா செத்துடும். உயிரோட இருக்கிற செல்தான் பூஞ்சைக்குச் சாப்பாடு, அதனால பட்டினி. பக்கத்து செல்லெல்லாம் சுவரைக் கெட்டி பண்ணி, பூஞ்சைக்கு விஷமும் தயார் பண்ணும்."

"அப்போ பொழச்சுக்கும்?"

"இந்தப் பூஞ்சையை அடையாளம் காட்டுற ஜீன் உங்க விதையில இருந்தா. இல்லேன்னா பயிர் சுதாரிக்கறதுக்குள்ள பூஞ்சை பரவிடும்."

"என் விதையில கீதா, இல்லியா?"

"தெரியலண்ணா. பொட்டு வளரலைன்னா இருக்கு. ஒரு வாரம் பாக்கணும்."

பொட்டு விரிந்தால் அப்பாதுரைக்கு உலை இல்லை. கோட்டு வெளியே வந்த கதை கம்பெனிக்குப் போனால் ரத்தினபாய்க்கு வேலை இல்லை. அந்த வாரம் முழுக்க விடிந்ததும் பூதக்கண்ணாடியோடு வரப்பில் இருப்பார். அப்பாதுரை எதிர் வரப்பில் குந்தி, இலையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் பால்காரர் பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு ஓடினார். நெல் இலையாவது எதிரியின் துணுக்கைத் தொட்டுப் பார்த்துத்தான் கதவைச் சாத்துகிறது. தெருவுக்கு அந்தத் தாமதமும் தேவைப்படவில்லை.

ஒரு நாள் ஒரு பொட்டு கண் வடிவத்தில் நீண்டிருந்தது. ரத்தினபாய் எதிர் வரப்பைப் பார்த்துக் கத்தினார். அப்பாதுரை வந்து நகத்தால் சுரண்டினார்.

"சேறும்மா. பேஜார் பண்ணாத."

வாரம் முடிந்தது. பொட்டுகள் ஊசிமுனை அளவிலேயே நின்றன. பயிர் பிழைத்து, கதிர் முற்றி, அறுப்பும் ஆயிற்று. மூலையில் பிடுங்கிய இடம் மட்டும் மொட்டை.

"அந்த மூலைக்கு ஒரு மரக்கா நெல்லு நீ எனக்குத் தரணும்."

"நீங்கதானேண்ணா பிடுங்கினீங்க?"

"உன் கோட்டைப் பாத்துதானே புடுங்குனேன்!"

பூஞ்சை கோட்டிலிருந்து போனதா, மேடவாக்கம் பக்கத்துக் காற்றில் வந்ததா, யாருக்கும் தெரியாது. ரத்தினபாய் ஒரு மரக்கால் நெல் வாங்கி, பையில் கட்டி, கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கொடுத்தால், அது தன் பூஞ்சைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வேலைக்குக் கிளம்பும்போது கேஸைப் பார்க்கிறார், பையைப் பார்க்கிறார். பின்வாசலில் அப்பாதுரையின் குரல் கேட்டால் முன்வாசல் வழியாகப் போய்விடுகிறார்.