முதல் அடி யாருடையது

நாற்பத்தொன்பது நாள். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். செத்தவனின் உயிர் அத்தனை நாள் வழி தெரியாமல் அலையும். அதற்குள் அவனுக்காக மந்திரம் வெட்டிய கல் ஒன்று கோயில் சுவரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அலைச்சல்தான்.

யுத்ரோனின் புருஷன் ஆற்றோரச் சாலையில் லாரி கவிழ்ந்து செத்தான். அவன் பெயரை எழுத மாட்டேன். அந்த நாட்களில் செத்தவன் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. கூப்பிட்ட குரலுக்கு உயிர் திரும்பிவிடும்.

யுத்ரோன் மேய்ச்சல் குடும்பத்துப் பெண். ஒரு பெரும்பனியில் யாக் மாடுகள் மொத்தமும் செத்த வருஷம் ஊருக்கு வந்தாள். முதலில் மலையிலிருந்து பலகைக்கல் சுமந்தாள். பிறகு உளி பிடித்தாள். செம்பாறைக் கோயிலின் பின்முற்றத்தில் அவள் வெட்டிய 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற ஆறெழுத்து மந்திரத்தைக் கண்ணை மூடி விரலால் தடவினாலும் படிக்கலாம். சில்லு தெறித்து இடது கண் பாதி போயிற்று. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாய்தான் பகையைக் கொண்டுவந்தது.

கோயில் நிர்வாகி தாம்டின் துறவி அல்ல. தோல் சட்டை, பளபளக்கும் காலணி, கையில் இரண்டு போன். செங்டூ நகரத்திலிருந்து பேருந்தில் சுற்றுலா வருகிறவர்களை முற்றத்தில் உட்காரவைத்து, 'நீங்களே கல் வெட்டிப் பாருங்கள்' என்று ஒரு கூத்தைத் தொடங்கினான். வருகிறவர்கள் முதல் எழுத்தில் பாதியைக் கீறுவார்கள், படம் எடுப்பார்கள், வெண்ணெய்த் தேநீரைக் குடித்து முகம் சுளிப்பார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் ஒருத்தி வெட்டிய கல்மேல் காலை வைத்து செருப்பு மாட்டினாள். யுத்ரோன் அவள் காலைப் பிடித்து எடுத்துத் தரையில் வைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினாள். அத்தனை பேர் முன்னால் தாம்டின் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதை அவன் மறக்கவில்லை.

கல்வெட்டிகளிடம் ஒரு கட்டு உண்டு. கையில் பாதிக் கல் இருக்கும்போது புதுக் கல்லில் உளி வைக்கக் கூடாது. அரைகுறை மந்திரத்தை விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்கினால் இரண்டுமே செல்லாது.

புருஷன் செத்து இருபத்திரண்டாம் நாள் யுத்ரோன் வேலைக்குத் திரும்பினாள். அவள் இடத்தில் உட்கார இடமில்லை. பார்வையாளர்கள் விட்டுப்போன பாதிக் கற்கள் அத்தனையையும் தாம்டின் அங்கே கொட்டியிருந்தான். அறுபத்து மூன்று. ஒரு கல்லை முடிக்க ஒரு நாள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"இது என்னய்யா?" என்றாள்.

"உன் இடத்துல கெடக்கு. அப்ப உன் கல்லு" என்றான் தாம்டின். "ஆரம்பிச்சவன் ஊருக்குப் போயிட்டான்னா, கல்லு எவன் இடத்துல இருக்கோ அவன்தான் முடிக்கணும். உங்க கட்டுதானே? நானா போட்டேன்?"

"நீதானய்யா கொண்டாந்து போட்ட!"

"முடிச்சிட்டு உன் வீட்டுக்காரன் கல்லை ஆரம்பி. அவன் எங்க போயிடப் போறான்?" என்று சிரித்து, செத்தவன் பெயரை முற்றம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

உளிச் சத்தம் மொத்தமும் நின்றது. யுத்ரோன் சுத்தியலை எடுத்தாள். பக்கத்தில் இருந்த தெச்சோக் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த முற்றத்தில் அவன் மட்டும்தான் அவளோடு சரிக்குச் சரி சண்டை போடுகிறவன்.

"விடுடா. அவன் பல்லைப் பேத்துடறேன்."

"பேத்துட்டு? ஜெயில்ல உக்காந்து கல்லு வெட்டுவியா? யோசி, அக்கா. கத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது யோசி."

"நீ யோசிச்சுக் கிழிச்சது தெரியாதா? போடா."

வெளியே போனாள். கோயிலை வலமாக ஒரு சுற்று வந்தாள். வாசலில் தாம்டின் மாட்டியிருந்த படப் பலகை முன்னால் நின்றுவிட்டாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பார்வையாளர், ஒரு கல், நடுவில் தாம்டின். ஆசீர்வாதம் செய்கிற பெரிய மனிதன்போல உளியை வைத்து முதல் அடியை அவனே அடிக்கிறான். அதன் பிறகுதான் உளி பார்வையாளர் கைக்குப் போகும். அவனுக்குப் படத்தில் நிற்கிற ஆசை. எல்லாவற்றிலும் நின்றிருந்தான்.

பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி முற்றத்துக்குத் தூக்கிவந்தாள்.

"தெச்சோக், இதப் பாரு. முதல் அடி யாரோடது?"

தெச்சோக் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! அத்தனையும் இவன் கல்லு, அக்கா! ஆரம்பிச்சவன் ஊருக்குப் போகல, போனை நோண்டிக்கிட்டு உள்ளதான் இருக்கான்!"

முற்றம் எழுந்தது. கல்வெட்டிகளுக்குச் சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, நான் வருஷக்கணக்கில் கத்தியும் எழாத முற்றம் அது. ஆளுக்கு இரண்டாகக் கற்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தாம்டின் அறை வாசற்படியில் அடுக்கினார்கள். மந்திர எழுத்து இருக்கிற கல்லைத் தாண்டக் கூடாது. பாதிக் கல்லை முடிக்க வேண்டியவனிடம் சேர்த்துவிட்டால், அது முடியும்வரை அங்கிருந்து அவன்கூட நகர்த்தக் கூடாது.

கதவைத் திறந்த தாம்டின் இடுப்புயரச் சுவரைப் பார்த்தான்.

"யார் வேலை இது? எடுங்க! எடுக்கச் சொல்றேன்ல!"

"தொட மாட்டோம், சாமி. உங்க கல்லு" என்றான் தெச்சோக்.

"விளையாட்டுக்கு அடிச்ச அடிடா அது!"

"மந்திரத்துல என்னய்யா விளையாட்டு?" என்றாள் யுத்ரோன். உளியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இந்தா, பிடி. அவசரம்னா ஜன்னல் இருக்கு, ஏறிக் குதி."

தாம்டின் தலைமைத் துறவியைக் கூப்பிட்டான். அவர் வந்தார், படங்களைப் பார்த்தார், "முடிச்சிடுப்பா" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போய்விட்டார்.

யுத்ரோன் தன் இடத்தைக் கூட்டினாள். நல்ல பலகைக்கல் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். யாரோடும் சண்டை போடவில்லை. அந்தக் கல் சுவரில் ஏறியபோது இன்னும் நாள் மிச்சமிருந்தது. அழவும் இல்லை. "போ" என்று கல்லைத் தட்டினாள், அவ்வளவுதான்.

தாம்டின் அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகப் போய்வந்தான். பனி உருகுவதற்குள் அவன் முடித்த கற்கள்: இரண்டு.