கான்ஃபோகல் அறையில் ஒரு மூச்சு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். அல்மாட்டியில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது இது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தின் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப், எடுத்த சதைத் துண்டைச் சீவாமலே லேசரால் அடுக்கடுக்காகப் படமெடுத்து முழு உருவத்தையும் திரட்டிக் காட்டும். அந்த அறையில் நண்பகலிலும் கும்மிருட்டுதான். லேசாக அசைந்தாலும் படம் கெடும். அதனால் ஸ்கேன் ஓடும்போது கூட இருக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

அன்று என் கையில் இருந்தது ஒரே ஒரு நுரையீரல் துண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெண்ணிடம் எடுத்தது. என்ன நோய் என்று டாக்டர்களுக்கே பிடிபடவில்லை. என் படத்துக்காகக் காத்திருந்தார்கள். லேசர் படப்பட, துண்டில் ஏற்றிய ஒளிரும் சாயம் வெளுத்துவிடும். நான் கெடுத்தால் பாவம், அவளுக்கு மறுபடியும் கத்தி.

மணி 12.35. பக்கத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் தோலெகென். ஸ்கேன் ஓடியது. படம் நெளிந்தது. ஏறி... இறங்கி... ஏறி... மறுபடி ஓட்டினேன். அதே நெளிவு.

அப்போதுதான் கேட்டது.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

திரை வெளிச்சத்தில் பார்த்தால், மூலை ஸ்டூலில் ஒரு பெண். தலையில் வெள்ளைத் துணி. காலில் செருப்பில்லை. தோலெகென் கூட்டிவந்த ஆள் என்று நினைத்தேன். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன்க்கா இப்படி உசிரை வாங்குறீங்க? கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கோங்களேன்!"

"சரிம்மா..."

சத்தம் நின்றது. நெளிவும் நின்றது. 12.40. படம் கண்ணாடிபோல் வந்தது! துள்ளிக் குதித்தேன்.

விளக்கைப் போட்டோம்.

ஸ்டூல் காலி.

கதவு உள்ளே தாழிட்டபடி.

"அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா? நீ என்னைத்தான் நக்கலா அக்காங்கிறேன்னு நினைச்சு நானும் மூச்சடக்கி உக்காந்திருந்தேன்!" தோலெகென் விழுந்து விழுந்து சிரித்தான். என் மானம் போயிற்று.

சாயங்காலம், துண்டை அனுப்பிய டாக்டர் சாவுலேவுக்கு போன் செய்தேன்.

"படம் பிரமாதமா வந்திருக்கு டாக்டர்!"

"இனிமே எதுக்கும்மா... துண்டு எடுத்தோமே, அந்தம்மா மதியமே போயிட்டாங்க."

"எப்போ?"

"பன்னெண்டு நாப்பது இருக்கும். திணறலே இல்ல. வாயை இறுக்க மூடிக்கிட்டு, மூச்சைப் பிடிச்ச மாதிரியே கிடந்தாங்க. நர்ஸ் எவ்வளவு உலுக்கியும் மூச்சை விடல."



ஸ்கேன் முடிந்ததும், 'மூச்சு விடலாம்' என்று ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

நான் சொல்லவில்லை.