டாக்டரம்மாவின் புத்தகத்தில் என் அம்மா

தொண்ணூற்றொன்பதில் ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி குடிவந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளை போல வெட்டிய நரைமுடி. மனோதத்துவ டாக்டர் என்று வீட்டுக்காரர் சொன்னார். தெரு அதைப் 'பைத்தியக்கார டாக்டர்' என்று சுருக்கிக்கொண்டது. மருந்து மாத்திரை எதுவும் அவரிடம் கிடையாது. உட்கார்ந்து கேட்பார், அவ்வளவுதான். பேசப் பேச மனதின் அடியில் கிடப்பது மேலே வரும், வந்துவிட்டால் பாரம் குறையும் என்பது அவர் படித்த படிப்பு. தன் ஊரில் காலமெல்லாம் அதைச் செய்து, அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதி, கணவர் இறந்த பிறகு இங்கே வந்திருந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமாரோடு பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கான்வென்ட் இங்கிலீஷ். ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டு மாடிக்குப் போய் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன்.

மாடி அறையில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு சாய்வு நாற்காலி. வருகிறவள் அதில் சாய்ந்துகொள்வாள். டாக்டரம்மா அவள் கண்ணில் படாமல் பின்னால் உட்காருவார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியில். முதல் நாளே அவர் ஒரு வாக்குக் கொடுப்பார்: இந்த அறையில் பேசியது இந்த அறையைத் தாண்டாது. அதை ஒவ்வொருத்திக்கும் தமிழில் சொன்னது நான்தான்.

காசிமேட்டிலிருந்து வந்த ஒருத்தி முதலில் சிரித்துவிட்டாள்.

"இன்னா பேசச் சொல்றா இந்தம்மா? பேசினா போன மனுசன் வந்துடுவானா?"

டாக்டரம்மா, "வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரிப்பு நின்றது. அப்புறம் வெகுநேரம் அழுதாள். அடுத்த வாரம் தானாகவே வந்தாள். அன்றைக்கு எனக்கு டாக்டரம்மா மேல் வந்த மரியாதை கோயிலில்கூட எனக்கு வந்ததில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வர வேண்டியவள் வரவில்லை. டாக்டரம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"இன்று நீ பேசலாமே."

எனக்குப் பேச ஒன்றுமில்லை என்றுதான் சாய்ந்தேன். அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். தமிழில் யாரிடமும் சொல்ல வராதது இங்கிலீஷில் தடங்கலில்லாமல் வந்தது. அந்த மொழியில் எனக்கு அம்மாவே கிடையாது என்பதால் இருக்கலாம்.

எனக்குப் பத்து வயதில் அம்மா வீட்டை விட்டுப் போனாள். எண்ணூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரோடு ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தாள். அக்கம்பக்கத்தில், காத்திவாக்கத்தில் அவள் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லிவைத்தார். தை பிறந்து ஒரு காலையில் அம்மா திரும்பி வந்தாள். நேரே சமையல் மேடைக்குப் போய், கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவி, உலை வைத்தாள். மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். "ரசம் ஊத்து" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அப்பா சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நான் சொல்லி முடித்தேன். திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா எழுந்து வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பத்து வயதுதான்" என்றார். போரில் பிடிபட்ட அவர் அப்பா பல வருடம் கழித்துத்தான் ஊர் திரும்பினாராம். அதுவரை அவர்கள் வீட்டுச் சமையலறையில் வேறொருவர் இருந்தார். கரி கொண்டுவருவார், இவருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அப்பா வந்த அன்று அவர் காணாமல் போனார். அவர் பெயரை அம்மா மறுபடி உச்சரிக்கவே இல்லை.

"இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டின் மௌனத்தைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம் பல நாள், பெண்கள் போன பிறகு நான் அந்த நாற்காலியில் பேசினேன். அவரை என் சிநேகிதி என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் ஊருக்குப் போனார். போகும் முன் எங்கள் வீட்டு வாசலில், இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் படம் எடுத்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

சுனாமிக்கு அடுத்த மாதங்களில் வெளிநாட்டு உதவிக்காரர்கள் நிறையப் பேர் காசிமேட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு ஜெர்மன் பெண், காலேஜில் தமிழ் படித்தவள், இறால் உரிக்கும் கொட்டகையில் வேலையாயிருந்த அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். மறுநாளே எங்கள் வீட்டுக்கு ஒரு புத்தகத்தோடு வந்தாள். அட்டையில் என் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே டாக்டரம்மாவின் பெயர்.

"தோ பாருடி, நானு! புக்குல போட்டுகீறா!" அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னா எழுதிகீறா? படிக்கச் சொல்லு."

அந்தப் பெண் ஓர் அத்தியாயத்தைப் பிரித்து, ஜெர்மனில் இருந்ததை அவ்வளவும் தமிழில் சொல்ல வராமல், இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். துறைமுகத்தின் அருகே ஒரு தாய், ஒரு மகள். மகள் இங்கிலீஷ் தெரிந்த டைப்பிஸ்ட். எண்ணூர், லேத் பட்டறை, கழுவாத பாத்திரங்கள், ரசம். டாக்டரம்மா ஆட்களின் பெயர்களை மட்டும்தான் மாற்றியிருந்தார்.

"இன்னாடி சொல்றா?"

"நீ இறால் உரிக்கிறத பத்திம்மா. கை எவ்ளோ வேகம்னு எழுதிருக்காங்க."

அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து, புத்தகத் தமிழில், மெல்ல, தெளிவாகத் திருத்தினாள்.

"இல்லை, அம்மா. நீங்கள் வீட்டை விட்டு வேறு ஒருவரோடு சென்றீர்கள். பிறகு திரும்பி வந்தீர்கள். உங்களைத் தண்டிப்பதற்காகவே மகள் திருமணம் செய்துகொள்ளவில்லை. இவ்வாறு எழுதியிருக்கிறார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எந்த மழை நாளிலும் சொன்னதில்லை. அது டாக்டரம்மாவே சேர்த்தது.

அம்மா புத்தகத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பிடியாடி?"

"இல்லம்மா. அது அவங்களா எழுதினது."

"மிச்சம்லாம் யாரு சொன்னது?"

நான் புத்தகத்தை எடுத்துக் குப்புற வைத்தேன். அந்தப் பெண் அப்போதுதான் செய்ததை உணர்ந்தாள். முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெருமுனை வரை போய் அவளிடம் டாக்டரம்மாவின் போன் நம்பரை வாங்கினேன். மற்றப் பெண்களும் புத்தகத்தில் இருக்கிறார்களா என்று கேட்டேன். தலையசைத்தாள். ஒவ்வொருத்திக்கும் ஓர் அத்தியாயம்.

ஐஎஸ்டி பூத்திலிருந்து பேசினேன். என் குரல் கேட்டதும் டாக்டரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"புத்தகம் பார்த்தாயா? எல்லோரும் உன் அத்தியாயத்தைத்தான் சிறந்தது என்கிறார்கள்."

"அறையைத் தாண்டாதுன்னு நீங்க சொன்னீங்க. அதை நான்தான் அவங்களுக்குச் சொன்னேன்."

"பெயர்களை மாற்றிவிட்டேனே. எங்கள் தொழிலில் அப்படித்தான் எழுதுவோம். ஜெர்மன் மொழியில் இருப்பதை அங்கே யார் படிக்கப்போகிறார்கள்?"

"அட்டையில எங்கம்மா மூஞ்சி இருக்கு."

"அந்தப் படத்தைப் பதிப்பகம் தேர்ந்தெடுத்தது. பார், இது உன் கதை மட்டுமில்லை. எல்லோருடைய கதையும்தான்."

"அப்ப உங்க சமையலறையில இருந்தவர் எந்த அத்தியாயத்துல வர்றார்?"

மீட்டரில் நம்பர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "அது வேறு" என்றார். நான் ரிசீவரை வைத்தேன். அவரோடு நான் பேசியது அதுதான் கடைசி.

அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்த ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் பார்க்கும் முன் எடுத்து வைத்துவிடுவாள். "தண்டிக்கலம்மா, எனக்கு அமையல, அவ்ளோதான்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். தலையை ஆட்டுவாள். நம்பவில்லை என்று தெரியும். சில நாள் எனக்கே சந்தேகம் வரும். டாக்டரம்மாவை நான் மன்னிக்காதது அதனால்தான். மாடிப் பக்கம் வந்துபோன பெண்களை மீன் மார்க்கெட்டில் பார்த்தால் இப்போதும் வேறு வரிசையில் புகுந்துவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா தானாகவே சொன்னாள்.

"என்னான்ட கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன். எங்கெங்கியோ போயி சொல்லிகினு இருந்தியே. ஒரு நாளு என்னைக் கேட்டியா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப கேக்கறேன்மா. சொல்லு. ஏன் போன?"

அம்மா மீன் துண்டுகளைச் சட்டியில் போட்டு, உப்பும் மஞ்சளும் தூவி, கையை அலம்பினாள்.

"இப்ப இன்னாத்துக்கு? அதான் புக்குல போட்டாச்சே" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க எழுந்து போனாள்.