சகாயசெல்வி கழற்றச் சொன்ன கண்ணாடி

பஸ்ஸின் போர்டைப் படித்த பிறகும் சகாயசெல்வி அத்தை ஏறமாட்டார். முதலில் கண்டக்டரிடம் கேட்பார்: "திண்டிவனம் போவுதா?" அவர் தலையாட்டினால் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். பிறகு ஜன்னலோரம் இருப்பவரிடம், கண்டக்டர் காதில் விழும்படியே, அதே கேள்வி. அதற்கும் மேல், ஒரு காலைப் படியிலும் மற்றதைத் தரையிலும் வைத்துக்கொண்டு டிரைவர் முகத்தை ஒரு முறை பார்ப்பார். "ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலயா?" என்று கண்டக்டர் சீறினால், "போர்டு நீ மாட்டுனதுதானே" என்பார். 1993-ல், கல்யாணமான புதிதில், விழுப்புரத்தில் போர்டை நம்பி ஏறிக் கள்ளக்குறிச்சி ரோட்டில் நட்டநடுவில் இறக்கிவிடப்பட்டவர் அவர்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிரம்மதேசம் பக்கத்தில் எங்கள் ஊர். அவருடைய கணவர் ராயப்பன் மாமா நேர் எதிர். போனில் வருவதெல்லாம் அவருக்கு வேதவாக்கு.

அவர்கள் மகள் டயானா 2017-ல் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்தது ஓட்டம். விழுப்புரம் மைதானத்தில் விடியற்காலையிலேயே நிற்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அந்நேரத்துக்குப் போய்ச்சேர பஸ் கிடையாது. முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கினால்தான் உண்டு. அந்த ஓட்டத்துக்காக ஏரிக்கரையில் தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம்தான் அன்பியம் குரூப்பில் அந்த எச்சரிக்கை வந்தது. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் கூடி ஜெபிக்கும் கூட்டம். அதற்கொரு வாட்ஸப் குரூப். காலை வசனத்துக்கும் மாதா படத்துக்கும் நடுவில் லூர்துநாதன் என்பவர் போட்டிருந்தார்: "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுகளில் கண்ணாடிக்குப் பின்னால் ரகசிய கேமரா. கண்ணாடியில் விரலை வையுங்கள். விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இல்லை என்றால் உஷார். மாணவி தற்கொலை. உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பாதீர்கள். அதிகம் பகிரவும்."

எது வந்தாலும் "ஆமென்" போடுவது எங்கள் குரூப்பின் வழக்கம். இதற்கும் வரிசையாக ஆமென் விழுந்தது. விழுந்ததும் அது பூசையில் வாசித்தது மாதிரி ஆகிவிட்டது. அதில் எங்குமே கேமரா வைத்தவனைப் பிடியுங்கள் என்று இல்லை. பெண்களை அனுப்பாதீர்கள் என்றுதான் இருந்தது.

"போவ வேணாம்" என்றார் மாமா. "அன்பியத்துலயே வந்துட்ச்சி."

"எங்கேர்ந்துங்க வந்துச்சு? மழையா, தானா வர்றதுக்கு?"

அத்தை நேராக லூர்துநாதன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"யாருண்ணே ஒனக்கு அனுப்புனது?"

"எவ்ளோ பேரு அனுப்புறாங்க தங்கச்சி, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பொய்யாவே இருக்கட்டுமே. ஜாக்கிரதையா இருந்தா இன்னா நஷ்டம்?"

"நஷ்டம் எங்க வூட்லதானேண்ணே. ஒனக்கு எப்டித் தெரியும்?"

நான் போனில் தேடினேன். அதே எச்சரிக்கை, அதே விரல், அதே மாணவி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. ஊர் மட்டும் ஊட்டி. மாமாவிடம் காட்டினேன். "அங்கயும் நடந்திருக்கும், இங்கயும் நடந்திருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாடா அருணு, போய்ப் பாத்துடலாம்" என்றார் அத்தை.

விழுப்புரத்தில் நாங்கள் போன லாட்ஜின் மேனேஜர் பெயர் சின்னக்கண்ணு. அத்தை அறைக் கண்ணாடியில் விரலை வைத்தார். இடைவெளி தெரிந்தது. அதோடு விடவில்லை.

"வெரலு இன்னாத்தச் சொல்லும்? கழட்டுங்க."

"யம்மா, ரூமு எடுக்க வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?"

"பொண்ணு போலீசாவப் போறா. ஒத்திகைன்னு வெச்சிக்கோங்க."

மேனேஜர் முனகிக்கொண்டே ஸ்குரூவைத் திருகினார். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையடிக்காத சுவர், ஓடி மறைந்த ஒரு பல்லி. அத்தை சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஃபேன், சுவிட்சுப் பெட்டி எல்லாம் ஆயிற்று. கடைசியில் பாத்ரூம். வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அதற்கு வெளியே மொட்டைமாடி.

"கேமரா எதுக்குங்க? இங்க ஆளே நின்னு பாக்கலாமே. இத எந்தக் குரூப்புலயாவது போட்டாங்களா?"

சின்னக்கண்ணு பலகைத் துண்டும் ஆணியும் கொண்டுவந்து அடித்தார். அடித்தபடியே சொன்னார்: "அந்த மெசேஜு வந்ததுலேர்ந்து பேஜாருங்க. ரூமெல்லாம் காலி. ஓட வர்ற பொண்ணுங்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுத்துக்கினு இருக்குதுங்க."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். ஷூவைத் தலைக்கு வைத்து ஒரு பெண் சுருண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா, சுற்றி நின்ற ஆண்களை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை அவரிடம் போய் லாட்ஜைச் சொன்னார். "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் அவர். அந்தக் கேள்வி அத்தைக்குப் பிடித்திருந்தது.

அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் அத்தை எழுந்து நின்றார்.

"ஒரு ரூமப் பாத்தேன். அதுல கேமரா இல்ல. மத்த ரூமு எனக்குத் தெரியாது. ஒலகத்துல எங்கயுமே இல்லன்னு நான் சொல்லல. ஆனா தெரியாததுக்கு ஆமென் போட்டீங்களே, எம்பொண்ணு ஓடறதுக்கு ஒரு ஆமென் போட்டீங்களா?"

லூர்துநாதன் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தையும் மகளும் அந்த அறையிலேயே தங்கினார்கள். டயானா ஓடினாள், தேறினாள். வேலை உத்தரவு வந்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தவர் மாமாதான்.

இரண்டு வருடம் கழித்து, விடுமுறையில் வந்த டயானாவைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே அந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊட்டின்னுதான் அந்த மெசேஜு அப்பா போனுக்கு வந்துச்சு அருண். அவருக்குத் தமிழ்ல அடிக்கத் தெரியாது. பின்னாடி நின்னுக்கினு அவரு சொல்லச் சொல்ல, விழுப்புரம்னு மாத்தி அடிச்சது நான்தான். லூர்து மாமாவுக்கு அனுப்புன்னாரு. அனுப்புனேன்."