மச்சாளுக்குக் காத்த துடக்கு

என் அக்கா பாரிசுக்குப் பக்கத்தில், சென் தெனியில் தனியாக இருக்கிறார். அத்தான் காலமான பிறகும் அந்த ஒற்றை அறை வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். "உன்ரை வீட்டை வந்தா உன்ரை மனிசி எனக்கும் சேத்து ஓடித் திரியோணும். நான் இஞ்சையே கிடக்கிறன்" என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே ரயிலேறி பாரிஸ் லா ஷப்பலில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிடுவார். மத்தியான அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக் கொடுப்பது அக்காவின் தொண்டு.

அதே தொண்டுக்கு ஆர்ஜொந்தெய் என்ற இன்னொரு புறநகரில் இருந்து ஒரு அம்மா வருவார். மகனோடு இருக்கிறவர். அக்காவுக்கும் அவருக்கும் சொந்தமில்லை, ஊரும் வேறு. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை பூசணிக்காய்க்கு முன்னால் இருந்து வாய்க்கு வாய் கதைத்ததில் ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கி, அதுவே நிலைத்துவிட்டது.

"மச்சாள், இது மரக்கறிக்கறிக்கோ, மாட்டுக்குப் போடவோ? இவ்வளவு பெரிசா வெட்டுறியள்?"

"பல்லுள்ள ஆக்களுக்கு வெட்டுறன் மச்சாள். உங்களுக்கு வேறையாக் கரைச்சுத் தாறன்."

மடைப்பள்ளிக்குள் அவர்கள் சிரிக்கிற சத்தம் மூலஸ்தானம் வரை கேட்கும். ஐயர் திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்வார்.

பிறகு அந்தக் கொரோனா வருத்தம் வந்தது. ஊரே பூட்டிக் கிடந்தது, கோயிலும் பூட்டு. நான் கோயிலுக்குப் பக்கத்தில், ரூ து ஃபொபூர் சென் தெனி என்கிற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறவன். சாப்பாட்டுச் சாமான் விற்கிற கடை என்றபடியால் எங்களுக்கு மட்டும் விடுமுறை இல்லை. நாள் முழுக்க சனத்தோடு நின்றுவிட்டு அக்காவிடம் போகப் பயம். மகளும் பிரெஞ்சில் கத்தினாள்: அத்தைக்கு இப்போது முதல் ஆபத்து நீங்கள்தான், பப்பா. அதனால் சாமான் பையை அக்காவின் வாசலில் வைத்துவிட்டு, படிக்கட்டில் இறங்கி நின்று கதைப்பேன்.

"என்ன தம்பி, தபால்காரன் மாதிரி வைச்சிட்டு ஓடுறாய்? கையெழுத்து ஏதும் வைக்கோணுமோ?"

பகிடிதான். ஆனால் கதவைச் சாத்த மாட்டார். நான் கீழே தெருவுக்கு இறங்கும்வரை கதவு திறந்தே இருக்கும்.

கோடைகாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திறந்தார்கள். கோயிலையும் திறக்கலாம் என்றானது. நிர்வாகத்தில் நானும் ஒருவன். எல்லோரும் போனில் இருந்து கதைத்தோம். முகமூடி, இடைவெளி, பிரசாதம் இல்லை, அன்னதானத்துக்குப் பதிலாக வாசலில் சாப்பாட்டுப் பொதி. இது வரைக்கும் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. வயதானவர்களை என்ன செய்வது என்று வந்தபோதுதான் சத்தம் கூடியது.

"வயசான ஆக்கள் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாமெண்டு வாசல்லை எழுதி ஒட்டுவம்" என்றார் ஒருவர்.

"அவை வராட்டி வெள்ளிக்கிழமை ஆர் கோயிலுக்கு வாறது? நீரோ?" என்று மற்றவர் கேட்டார்.

அன்றைக்கு முடிவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார். "மெத்ரோவிலை சனம் நசிபட்டுக்கொண்டு போகுது. உன்ரை கடையிலை சனம். பார் எல்லாம் திறந்தாச்சு, பெடியள் குடிக்கலாம். நாங்கள் மட்டும் வீட்டுக்குள்ளை இருந்தா வருத்தம் ஒழிஞ்சிடுமோ? எனக்கு எழுபத்து மூண்டு. இந்த அறைக்குள்ளை சுவரைப் பாத்துக்கொண்டு இருந்து எண்பதுக்குப் போய் நான் என்ன செய்யிறது? எங்களுக்கெண்டு ஒரு நேரம் தாங்கோ. மற்ற ஆக்கள் வாறதுக்கு முதல் வந்து கும்பிட்டிட்டுப் போறம்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நிர்வாகத்தில் சொன்னேன், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, கதவு மற்றவர்களுக்குத் திறக்கும் முன், வயதானவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம்.

ஆர்ஜொந்தெய் அம்மாவுக்கு முதலில் பயம். மகனும் வேண்டாம் என்றானாம். அக்காதான் போன் எடுத்து, "மச்சாள், நீங்கள் வராட்டி இந்தப் பூசணிக்காயை நான் தனிய என்ன செய்யிறது? வாங்கோ" என்று கூப்பிட்டார்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை வாசலில் நின்றது நான். நிலத்தில் இடைவெளிக்கு ஒட்டிய கோடுகளில் எல்லோரும் ஒழுங்காகத்தான் நின்றார்கள். கற்பூர தீபம் காட்டி முடியும்வரைதான் அந்த ஒழுங்கு. மாதக் கணக்கில் ஒருவரையொருவர் காணாத சனம். ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்தார், ஒருவர் அழுதார். தீர்த்தம் வாங்க எல்லோரும் முகமூடியை நாடிக்கு இறக்கினார்கள். இறக்கிய முகமூடி ஏறவில்லை, கதை தொடங்கிவிட்டது. தீர்த்தம் வேண்டாம் என்று எங்கள் ஆட்களிடம் யார் சொல்வது? மடைப்பள்ளியில் அக்காவும் அந்த அம்மாவும் பொதிச் சாப்பாட்டுக்கு ஒரே பாயில் இருந்து வெட்டினார்கள். "தள்ளி இருங்கோ" என்றேன். "தம்பி, தள்ளி இருந்தா காது கேக்காது" என்றார் அந்த அம்மா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டு எத்தனையோ மாதம்.

வருத்தம் பிடிக்கக்கூடிய ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூட்டி வைத்திருக்கிறோம் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களிடம் இருந்து அவர்களைக் காப்பாற்றினோம் என்றுதான் நினைத்தோம்.

இலையுதிர் காலத்தில் அந்த அம்மாவுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்தார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்குக் கோயிலில் தொற்றியதா, ரயிலில் தொற்றியதா, பள்ளிக்கூடம் போய் வருகிற பேரப்பிள்ளைகளிடம் இருந்து தொற்றியதா என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் மோசம் போய்விட்டார். செத்தவீட்டுக்கு மிகச் சிலரைத்தான் விட்டார்கள். மகன் போனைத் தூக்கிப் பிடிக்க, அக்கா சென் தெனியில் கட்டிலில் இருந்து பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். அக்கா அழவில்லை. போன் நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாடு இரண்டாம் முறை பூட்டித் திறந்தது. கோயிலும் திறந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் துடக்கு" என்றார்.

எங்களில் சொந்தத்துக்குள் சாவு நடந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்தத் தீட்டுக் கழியும்வரை கோயில் வாசல் மிதிக்க மாட்டோம். ஆனால் சொந்தத்துக்குள் ஒருவரும் சாகவில்லையே. அதைச் சொன்னேன்.

"இத்தினை வருசம் மச்சாள் எண்டு கூப்பிட்டனான். கூப்பிட மட்டும் சொந்தம், துடக்குக் காக்கச் சொந்தமில்லையோ?"

காக்கட்டும், முப்பத்தொரு நாளில் கழிந்துவிடும் என்று இருந்தேன். கழியவில்லை. ஊசி போட்டார்கள், அக்காவும் போட்டுக்கொண்டார். கடைகள், கலியாணங்கள் எல்லாம் பழையபடி தொடங்கின. அக்கா மட்டும், "இன்னும் துடக்குக் கழியேல்லை" என்றபடி இருந்தார். கொண்டுபோன விபூதியைக்கூடத் தொடவில்லை. ஒருநாள்தான் வாய் திறந்தார். "வர மாட்டனெண்டு சொன்ன மனிசியை வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டது நான்தானே, தம்பி."

நான் ஐயரிடம் போய்ச் சொன்னேன்.

"இல்லாத துடக்கை நான் எப்பிடிக் கழிக்கிறது?" என்றார். பிறகு தானே சொன்னார்: "சரி, வாறன். மனசிலை இருக்கிறதுக்கும் தண்ணி தெளிக்கலாம்தானே."

வந்தார். கும்பம் வைத்து, மந்திரம் சொல்லி, அந்த ஒற்றை அறை முழுக்க மாவிலையால் தண்ணீர் தெளித்தார். அக்காவின் தலையிலும் தெளித்தார். அக்கா விழுந்து கும்பிட்டார். பிறகு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். வந்து, கோயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். நான் தெருவைக் கடந்து போனேன்.

"உள்ளை வாங்கோ அக்கா. எல்லாம் கழிஞ்சுது."

"கழிஞ்சுதுதான். உள்ளை போனா அந்தப் பாயிலை இருக்கச் சொல்லுவினம். பக்கத்திலை வேறை ஆரும் இருப்பினம். நீ போ. இஞ்சை நிண்டாலும் பிள்ளையாருக்குத் தெரியும்."

அன்றில் இருந்து அக்காவின் இடம் அதுதான். மழையென்றால் குடையோடு நிற்பார். பூசை முடிய ரயிலுக்கு நடந்துவிடுவார்.

திறந்தது சரியோ, வயதானவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். கேட்டால், பூட்டிய அறைக்குள் இருந்த அக்காவின் முகமும் நினைவுக்கு வருகிறது, ஒரே பாயில் இருந்து சிரித்த இரண்டு பேரும் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளையாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இப்போது மணி அடிப்பது நான். அது தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் வரை கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பலமாகவே அடிக்கிறேன்.