வேனக்காவும் காப்பி ஆகாத வீடியோவும்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண்மணியை எங்கள் பக்கத்தில் எல்லோரும் வேனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் வீட்டுக்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார். குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். பழைய டிரைவர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டம் போடுகிற ஆள். "வேணும்னா நீயே ஓட்டிக்கோயேன்" என்று அவர் ஒருநாள் நக்கலடிக்க, அக்கா ரோஷப்பட்டு மூன்றே மாதத்தில் லைசென்ஸ் வாங்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாராம். அதற்கப்புறம் பதினோரு வருடம், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து வேலையை விட்டதிலிருந்து குடும்பம் அந்த ஸ்டியரிங்கை நம்பித்தான் ஓடுகிறது.

அந்த ஸ்டியரிங்கைத்தான் ஒரு புதன்கிழமை பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கை முறிந்துவிட்டது. குழந்தை இறங்கி முடிப்பதற்குள் வேனக்கா வண்டியை எடுத்துவிட்டார் என்று அப்பா புகார் கொடுத்தார். குழந்தையோ திட்டு விழுமே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. விசாரணை முடியும்வரை வேன் பக்கமே வரக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. விசாரணையில் தப்பு என்று முடிவானால் லைசென்ஸும் போகும்.

வேன் நின்ற இடத்துக்கு நேரெதிரே ஒரு வீடு, அதன் வாசலில் ஒரு கேமரா. அந்த வீட்டம்மா வேனக்காவுக்கு இருபது வருடச் சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள். வீட்டம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது இருபது நாள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டது வேனக்கா. அதனால் "கேமரா இருக்கு, கவலை இல்லை" என்று தெம்பாகத்தான் போயிருக்கிறார்.

அங்கே போனால் வீடியோ காப்பி ஆகவில்லை. "பென்டிரைவை ஏத்துக்கலடி, வேற வாங்கிட்டு வா" என்றாளாம் வீட்டம்மா. வேறு வாங்கிப் போனால், இது பெரிய சைஸ், சின்னது வேண்டும் என்றாளாம். சின்னது வாங்கிப் போனால், அந்த நேரம் மட்டும் ஓடவே மாட்டேன் என்கிறது என்றாளாம். (இந்த இடத்தில் 'என்றார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காரணம் சீக்கிரமே தெரியும்.) கண்ணால் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "நான் குளிச்சிட்டு இருந்தேன், ஒண்ணுமே தெரியாது" என்றிருக்கிறாள்.

கடைசியில் அக்கா எனக்கு போன் செய்தார். அந்த வீட்டுக்குக் கேமரா மாட்டியவன் நான்தான். "தம்பி, உங்க நம்பர் அந்தக் கேமராப் பெட்டி மேல ஒட்டியிருந்துச்சு. மூணு பென்டிரைவ் வாங்கிட்டேன். நாளன்னிக்கு விசாரணை. எப்படியாவது அந்த அஞ்சு நிமிஷத்தை எடுத்துக் குடுங்க."

அந்த ரெக்கார்டர் பெட்டியில் பதினாலு நாள் படம்தான் தங்கும். அதற்குப் பிறகு புதுசு பழசை அழித்துக்கொண்டு ஏறிவிடும். குழந்தை விழுந்து அன்று பன்னிரண்டாம் நாள்.

மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு போய் நின்றேன். வீட்டம்மா முகத்தில் ஈயாடவில்லை. "எதுக்குப்பா நீ வேற? ஒரு மாசமாவே அது சரியில்ல" என்றாள். ஒரு மாதமாகச் சரியில்லாத பெட்டிக்கு எனக்கு ஒரு போன்கூட வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே பையைத் திறந்தேன்.

வழக்கமான கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெட்டிக்குப் பிடித்த முறையில் நானே ஃபார்மேட் செய்த பென்டிரைவைச் செருகினேன். ஏற்றுக்கொண்டது. பெட்டியின் கடிகாரம் எட்டு நிமிடம் முந்தி ஓடியது, அதையும் கணக்கில் வைத்துத் தேடினேன். ஹார்டு டிஸ்க் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் காப்பி பொத்தான் மட்டும் வெளுத்துப்போய், அமுக்கினால் அமுங்காமல் கிடந்தது. இது கோளாறு இல்லை. யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

அட்மின் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனேன். வீட்டில் உபயோகிக்கும் கணக்கில், நேரலை பார்க்கலாம் என்ற டிக் மட்டும் இருந்தது. பழையதை ஓட்டிப் பார்க்கவும், காப்பி எடுக்கவும் இருந்த டிக்குகள் காணோம். எப்போது எடுத்தார்கள் என்பதையும் பெட்டி தானே எழுதி வைத்திருந்தது: குழந்தை விழுந்த அதே நாள், சாயங்காலம் ஆறு நாற்பது. அந்தப் பாஸ்வேர்டு எனக்கும், நான் தாளில் எழுதிக் கொடுத்த வீட்டம்மாவுக்கும்தான் தெரியும்.

"யாரோ வேணும்னே பூட்டியிருக்காங்கக்கா" என்றேன்.

"பையன் எதையாவது தெரியாம அமுக்கியிருப்பான் தம்பி" என்றார் அக்கா. அப்போதும் சிநேகிதியை விட்டுக்கொடுக்கவில்லை.

டிக்குகளைத் திரும்பப் போட்டு, முதல் வேலையாக முழு வீடியோவையும் என் லேப்டாப்பில் இறக்கிவிட்டு, ஓட்டினேன். வேன் நிற்கிறது. குழந்தை இறங்கி, ஓரமாக நடந்து, திரும்பிக் கை ஆட்டுகிறது. அதற்குப் பிறகுதான் கதவு மூடுகிறது, வேன் போகிறது. குழந்தை நேராக இந்த வீட்டு கேட்டுக்கு வந்து, கம்பியில் ஏறி ஊஞ்சல் ஆடுகிறது. கொண்டி கழன்று கேட் வீசித் திறக்க, குழந்தை தரையில் விழுகிறது. உள்ளேயிருந்து வீட்டம்மா ஓடி வந்து தூக்குகிறாள். தலையில் ஈரம் இல்லை, கையில் துடைப்பம்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் அக்கா. இரண்டாம் தடவை அவர் குழந்தையைப் பார்க்கவில்லை.

வீட்டம்மா மென்று முழுங்கிக்கொண்டு சொன்னாள். குழந்தையின் அப்பாதான் அவள் மகனுக்கு மேலதிகாரி. வேலை நிரந்தரமாகும் காகிதம் அவர் மேஜையில் இருக்கிறது. கொண்டி ஆறு மாதமாகவே ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, 'வேன்லேருந்து விழுந்துட்டா போல' என்று வாயில் வந்துவிட்டதாம். புகாருக்குப் பிள்ளையார் சுழி போட்டதே இவள்தான்!

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் வேனக்கா. குரல் உயரவே இல்லை. "பன்னெண்டு நாள் பென்டிரைவைக் கையில வெச்சுக்கிட்டு உங்க வாசல்ல நின்னேனே. ஒரு நாளாவது உங்களுக்குத் தோணலையா?"

அவள் அழுதாள். வேன் கிளம்புகிற வரைக்கும் மட்டும் எடுத்தால் போதுமே, பையன் வாழ்க்கை போய்விடுமே என்று அக்காவின் கையைப் பிடித்தாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. முழுசாகத்தான் கொடுப்பேன் என்று வாயெடுத்தேன்.

"அது வரைக்கும் போதும் தம்பி" என்றார் அக்கா, கையை விடுவித்துக்கொண்டே. "அதுலயே நான் தப்பு பண்ணலன்னு தெரியுது." வெட்டிக் கொடுத்தேன்.

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. சாவி திரும்ப வந்தது. அடுத்த வாரம் மளிகைக் கடையில் நிற்கிறேன், வீட்டம்மா கடைக்காரரிடம் அளந்துகொண்டிருக்கிறாள்: "எங்க வீட்டு கேமரா மட்டும் இல்லேன்னா அவ கதி என்ன ஆயிருக்கும் சொல்லுங்க?"

வாங்க வந்ததை அப்படியே போட்டுவிட்டு, வெளியே வந்து அக்காவுக்கு போன் அடித்தேன். "முழு வீடியோ இன்னும் என்கிட்ட இருக்குக்கா. ஒரு வார்த்தை சொல்லுங்க, தெரு முழுக்க அனுப்பிடறேன்."

அக்கா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"யாருக்கும் வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்புங்க."

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"நேத்து அவங்க வீட்டு கேட் பக்கத்துல நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க தம்பி. என்னை அறியாம எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இருபது வருஷம் பழகின முகமில்ல? போனாப் போகுதுன்னு தோணும்போதெல்லாம் அதைப் போட்டுப் பாத்துக்கறேன்."