முதலெம்வாவின் கோட்டு

கோபுசிங்கேயின் ஊர் தான்சானியாவில், ககேரா ஆற்றுக்கு வடக்கே, உகாண்டா எல்லையை ஒட்டி இருந்தது. எல்லை என்று பெயர்தானே ஒழிய, அந்தப் பக்கம் பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள். பாழாய்ப்போன அந்த 1978 அக்டோபரில் உகாண்டாச் சிப்பாய்கள் டாங்கிகளோடு நுழைந்து, ஆறு வரைக்கும் இனி எங்கள் மண் என்றார்கள்.

ஊரே ஆற்றுப் பாலத்துக்கு ஓடியது. அவள் புருஷன் முதலெம்வா மட்டும் அசையவில்லை. ஹாயா மக்கள் செத்தவர்களை வீட்டு வாழைத்தோட்டத்திலேயே புதைப்பவர்கள்.

"அப்பன், தாத்தன் எல்லாரும் இங்கதான படுத்திருக்காங்க? அநாதையா விட்டுட்டு வரச் சொல்றியா? நீ போடி."

"செத்தவங்களுக்குக் காவலா? நல்லாயிருக்கு உங்க நியாயம்!" என்று கத்திவிட்டுப் போனாள். அதுதான் கடைசிப் பேச்சு. அவள் அக்கரை அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, உகாண்டாச் சிப்பாய்கள் பாலத்தையும் தகர்த்துவிட்டார்கள். நவம்பரில் தான்சானிய ரேடியோ, போர் என்று அறிவித்தது. முகாமே கைதட்டியது, அவளும் தட்டினாள். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

தான்சானியப் படை எதிரியைத் துரத்திய பின், கொழுந்தன் திபைஜுகாவோடு திரும்பினாள். வாழைகளுக்கு நடுவே ஒரு பிணம். முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. மேலே முதலெம்வாவின் பழுப்புக் கோட்டு, முழங்கையில் அவள் போட்ட ஒட்டு. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமனாருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டி, வாழைப்பழக் கள் ஊற்றிப் புதைத்தார்கள்.

உகாண்டாச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போயிருந்த பக்கத்து வீட்டுக்காரன் சில மாதம் கழித்துத் தப்பி வந்தான்.

"அண்ணி, இங்க காவலுக்கு நின்ன சிப்பாய் ஒருத்தன் அண்ணன் கோட்டைப் புடுங்கிப் போட்டுக்கிட்டான். கொள்ளையடிச்ச கூரைத் தகரத்தைத் தூக்க வெச்சு எங்க ரெண்டு பேரையும் வடக்க ஓட்டினதே அவன்தான். எல்லையில எங்களை வேற ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டு அவன் இங்கயே காவலுக்குத் திரும்பிட்டான். எல்லை தாண்டினதும் எங்களைப் பிரிச்சுட்டாங்க. அப்புறம் அண்ணனை நான் பாக்கல."

திபைஜுகா மண்வெட்டியை எடுத்துவிட்டான். "எங்கப்பா பக்கத்துல அந்த நாயா? தோண்டி ஆத்துல எறியறேன்!"

அவள் மேட்டின் மேல் குப்புற விழுந்தாள். "தொடாதே தம்பி!"

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"உங்க அண்ணன் அங்க எவ தோட்டத்துல கிடக்காரோ. நான் இவனை எறிஞ்சா, அவ அவரை எறிய மாட்டாளா?"

அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் சாயங்காலம் அந்த மேட்டருகே போய் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அப்புறம் கொஞ்சம் கள் ஊற்றுவாள்.

"பாவி, அவரை எங்கடா அனுப்பின?"

பதிலுக்காகச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.